தில்லி மாடித் தோட்டத்துக்கு நிழல்வலை: நாலைந்து கோடை பயன்படுத்திய அனுபவம்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பது அதைத்தான். கட்டட வேலையில் தூசிக்காகப் போர்த்துகிற பச்சை வலை சதுர அடிக்கு இரண்டு மூன்று ரூபாய்க்குக் கிடைத்தது. செடிகளுக்கென்றே விற்கிற, உருண்டை நூலில் பின்னிய மோனோபிலமென்ட் வலைக்கு அதைப்போல இரண்டு மடங்கு கொடுத்தேன். முனிர்க்காவில் எங்கள் வாடகை வீட்டு மாடியில் எது தாங்குகிறது பார்ப்போம் என்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் கட்டினேன். கட்டட வலை இரண்டாவது மே மாதத்திலேயே விரலால் இழுத்தால் நூல் நூலாக நொறுங்கியது, அந்தப் பிளாஸ்டிக் தூள் எல்லாம் கீரைத் தொட்டிக்குள். மோனோபிலமென்ட் வலை இன்னும் மேலேதான் இருக்கிறது.

இரண்டுமே பாலிஎதிலின் ரகம்தான். வெயிலின் புற ஊதாக் கதிர் அதை உடைக்காமல் இருக்க ஒரு மருந்து கலக்க வேண்டும். சில மாதத்தில் பிரித்துப் போடப்போகிற கட்டட வலைக்கு யார் அந்தச் செலவு செய்வார்கள்? சதர் பஜார் தார்ப்பாய்க் கடையில் எந்தச் சுருளைக் காட்டினாலும் யூவி, அதாவது புற ஊதாவைத் தாங்கும் என்றுதான் சொல்வார்கள், அதை அப்படியே நம்ப வேண்டாம். நூலைப் பாருங்கள். தூண்டில் நரம்பு மாதிரி உருண்டையாக இருந்தால் மோனோ, பட்டையாக நாடா போல இருந்தால் டேப். டேப் மலிவு, ஆனால் தூசியை வாரிக்கொள்கிறது, காற்றையும் அதிகம் தடுக்கிறது. ஒரே நிழல் சதவீதத்தில் இரண்டு வலை இருந்தால் கையில் கனமாகத் தெரிவதை எடுங்கள். ஐ.எஸ். 16008 என்ற தர எண் அச்சிட்டிருந்தால் இன்னும் நல்லது. நிறத்தில் எனக்குக் கறுப்பு அல்லது கறுப்பும் பச்சையும் கலந்தது. கறுப்பு நிறம் தருகிற கார்பனே நூலுக்கும் கவசம், அதனால் ஆயுள் கூடுதல். கட்டுகிற பிளாஸ்டிக் டை கூட வெள்ளை வாங்கினால் ஒரு கோடைக்குள் பட்பட்டென்று தெறிக்கும், கறுப்பு தாங்கும்.

அப்புறம் சதவீதம். 75 என்றால் வெயிலில் 75 பங்கைத் தடுக்கும், 25 பங்குதான் உள்ளே வரும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு 75 வாங்கிக் கட்டி, தக்காளி நெட்டையாகப் போகிறதே, காய்க்கவில்லையே என்று உரத்தைக் கொட்டுகிறவர்கள் நிறைய. காய்கறிக்கு 35 அல்லது 50 போதும். தில்லியில் நான் 50 எடுப்பேன், முளைக்கீரை, புதினா, மிளகாய், தக்காளி எல்லாவற்றையும் அதன் கீழேயே ஓட்டுகிறேன். வெண்டை, பீர்க்கை, சுரைக்காய்க்கு வலையே வேண்டாம், கறிவேப்பிலைத் தொட்டியையும் வெளியில்தான் வைத்திருக்கிறேன். இங்கே இன்னொரு கணக்கு இருக்கிறது. ஜூன் வரும்போது தூசி படிந்து 50 வலை 60, 65 போலாகிவிடும். போனில் ஒளி அளக்கும் செயலியைப் போட்டு நடுப்பகலில் வலைக்கு வெளியே ஒரு தடவை, உள்ளே ஒரு தடவை பாருங்கள், லக்ஸ் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் விகிதம் தெரிந்துவிடும். நான் வாரம் ஒருமுறை ஹோஸால் அடித்துக் கழுவுகிறேன், தண்ணீர் வராத வாரத்தில் துடைப்பத்தால் கீழிருந்து நாலு தட்டு.

இவ்வளவு சொன்னாலும், நல்ல வலையைத் தப்பாகக் கட்டினால் காசு தண்டம் என்பதுதான் என் முடிவு. செடிக்கு ஒரு முழம் மேலே போர்வை மாதிரி விரித்தால் சூடு அடியிலேயே தங்கி இலை வெந்துபோகும். ஏழடி உயரம், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். மேற்குப் பக்கம் மட்டும் ஒரு துண்டு வலையைச் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். ஜூன் மாதத்தில் தில்லியில் உச்சி வெயில் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே, ஆனால் செடியைக் கொல்வது மூன்று மணிக்குச் சாய்வாக வருகிற வெயிலும் அதோடு வீசுகிற லூ என்ற வறண்ட அனல் காற்றும்தான். வீட்டுக்காரர் சுவரில் துளை போடக்கூடாது என்றுவிட்டதால் பழைய பெயின்ட் வாளிகளில் சிமென்ட் ஊற்றி மூங்கில் நட்டு, மேலே ஜி.ஐ. கம்பி இழுத்தேன். வலையின் ஓரத்தை இரண்டாக மடித்து அதற்குள் கம்பியைக் கோத்துவிட்டால் கிளிப் எதுவும் வேண்டாம். மூன்று பக்கம் கெட்டியாகக் கட்டுங்கள், நாலாவது பக்கம் வெறும் சுத்லி, அதாவது சணல் கயிறு. ஆந்தி என்கிற புழுதிப் புயல் அடிக்கும்போது சுத்லி அறுந்து வலை ஒரு பக்கம் பறக்கும், வாளியோடு மூங்கில் சாய்ந்து பக்கத்து வீட்டுக் கார் மேல் விழாது.

கீழ் வீட்டு மாமி, "எதுக்குடா இவ்ளோ செலவு, என் பழைய காட்டன் புடவை ரெண்டு தரேன்" என்றார். வாங்கிக் கட்டினேன். நாற்றுக்கு அருமை, மெத்தென்று வெளிச்சம் வருகிறது. ஆனால் முதல் ஆந்தியிலேயே, "மாமி, உங்க புடவை எதிர் மாடிக்குக் குடி போயிடுச்சு" என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு மாதத் தேவைக்குப் புடவை சரி. தார்ப்பாய் மட்டும் வேண்டவே வேண்டாம், அடியில் அடுப்பு மாதிரி காயும்.

வலை காற்றைக் குளிர்விக்காது, இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் தொங்கவிட்டால் வெளியே இருக்கிற சூடுதான் ஏறக்குறைய காட்டும், குறைவது இலையின் சூடும் தொட்டி மண்ணின் சூடும். 2024 மே மாதக் கடைசியில் தில்லி முங்கேஷ்பூர் வானிலை நிலையக் கருவி 52.9 டிகிரி காட்டி, அப்புறம் அது 3 டிகிரி கூட்டிக் காட்டியிருக்கிறது என்று வானிலைத் துறையே சொன்னது. கழித்துவிட்டுப் பார்த்தாலும் செடிக்கு என்ன ஆறுதல்? அந்த வாரம் வலைக்கு வெளியே இருந்த மிளகாய் காய்ந்தது, உள்ளே இருந்தது பிழைத்தது, ஆனால் தக்காளிப் பூ இரண்டு பக்கமும் உதிர்ந்தது. இரவிலும் சூடு இறங்காவிட்டால் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காது, அதற்கு எந்த வலையும் மருந்தில்லை. ஏற்கெனவே பிடித்த காய் வெயிலில் வெளுத்து வேகாமல் இருக்கும், அவ்வளவுதான்.

ஜூன் கடைசியில் பருவமழை வந்ததும் கழற்றிவிடுகிறேன், மேகமூட்டத்தில் வலையும் இருந்தால் வெளிச்சம் போதாமல் பூஞ்சை வருகிறது. செப்டம்பரில் காலிபிளவர், வெந்தயக்கீரை நாற்றுக்கு மட்டும் மறுபடி ஒரு மூலையில் கட்டுவேன். குரங்குகள் இதன் மேல் குதித்து விளையாடுவதுண்டு. மோனோ வலை தொய்கிறது, பின்னல் வலை என்பதால் ஓட்டை விழுந்தாலும் அது நீளமாகப் பிரிந்து ஓடுவதில்லை, நைலான் நரம்பால் தைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது நாலு பக்கமும் ஒரு அடி கூடுதலாகக் கேளுங்கள், ஓரம் மடிக்கவே பாதி போய்விடும்.