மூளையைத் தூண்டுகிறோம் என்று 72,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: நீலகிரிப் பெற்றோர் கவனத்துக்கு

மகனுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குத் தெரபி சென்டரிலிருந்து இன்று காலை வந்த பதில் இது: "பேக்கேஜ் ஸ்டார்ட் பண்ணியாச்சுன்னா ரீஃபண்ட் கிடையாது மேடம். வேணும்னா உங்களுக்குத் தெரிஞ்ச வேற பையனுக்கு மீதி சிட்டிங்கை மாத்திக் கொடுக்கறோம்."

பிள்ளையின் தலையில் கரண்ட் வைக்கிற சிட்டிங்கை, சினிமா டிக்கெட் மாதிரி, இன்னொரு பிள்ளைக்கு மாற்றித் தருவார்களாம். அந்தக் கோபத்தில் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது. 72,000 ரூபாய் போய்விட்டது.

என் மகனுக்கு ஏழு வயது. ஆட்டிசம். பேச்சு இன்னும் வரவில்லை. கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் பிக்கப் வண்டியில் பச்சைத் தேயிலை ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டுபோகிறார். குக்கர் விசில், கல்யாண வீட்டு மேளம், கீழ்ரோட்டில் வரும் பஸ் ஹாரன், எதுவும் பையனுக்கு ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை முட்டுவான். கடித்துக் கடித்து மணிக்கட்டுக்குக் கீழே தோல் காய்த்துப்போய்விட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது, அவனுக்கும் எங்களுக்கும்.

இந்த நிலைமையில்தான் அந்த மையத்தின் விளம்பரம் போனில் வந்தது. மலையிலேயே ஒரு டவுனில், மாடியில் நடக்கும் தனியார் தெரபி சென்டர். பெயரும் ஊரும் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறோம், அதுவரை போடாதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். சென்சரி தெரபி (சத்தம், தொடுதல் மாதிரி உணர்வுகளுக்குப் பழக்கும் பயிற்சி), மூளை மேப்பிங், மூளைத் தூண்டல் எல்லாம் ஒரே இடத்தில், கோயம்புத்தூர் இறங்க வேண்டாம், மூன்று மாதத்தில் நடத்தையில் மாற்றம் என்று போட்டிருந்தார்கள். பையனை வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி ஏறியவர்களுக்கு அந்த "இறங்க வேண்டாம்" எப்படிக் கேட்கும் என்று தெரியும்.

ஏன் நம்பினீர்கள் என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். சொல்கிறேன். உள்ளே போனதுமே அந்த ஆள் ஷூவைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். என் மகன் பொம்மைக் காரைத் தலைகீழாக வைத்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். எல்லா இடத்திலும் அதைப் பிடுங்கி, "இப்படி ஓட்டணும்" என்று காட்டுவார்கள். இவர் இன்னொரு காரை எடுத்து அதே மாதிரி கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றினார். கொஞ்ச நேரத்தில் பையன் நகர்ந்து நகர்ந்து வந்து அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டான். சொந்தக்காரர்களிடமே போகாத பிள்ளை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க பட்டது போதும்மா, இனிமே நாங்க பாத்துக்கறோம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு லட்சம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்போம். பேக்கேஜ் 96,000, இன்றைக்கே மொத்தமாகக் கட்டினால் 72,000 என்றார்கள். சீட்டு எடுத்து வைத்திருந்த பணம். வீட்டுக்காரர் அங்கேயே ஜிபேயில் போட்டார். பணம் சென்டர் பெயருக்குப் போகவில்லை, ஒரு தனி ஆளின் பெயருக்குப் போனது. ரசீது கேட்டதற்கு 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த தாளில் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்.

முதலில் மூளை மேப்பிங். தலையில் தொப்பி மாட்டி, மூளையின் மின் அலையைப் பதியும் இ.இ.ஜி. எடுத்து, கலர் கலராகப் படம் போட்டுத் தருவது. எங்கே சிவப்போ அங்கே மூளை அதிகமாக வேலை செய்கிறதாம், நீலம் என்றால் தூங்குகிறதாம். தொப்பியை மாட்டியதும் பையன் கத்திப் பிடுங்கி எறிந்தான். இரண்டு பேர் கையைப் பிடித்து மறுபடி மாட்டினார்கள், மறுபடி எறிந்தான். கடைசியில் "போதும், கிடைச்சிருச்சு" என்றார்கள். வீட்டில் ரிப்போர்ட்டைப் பிரித்தால் முதல் பக்கத்தில் "கண் மூடிய ஓய்வு நிலை, 10 நிமிடம்" என்று இருக்கிறது. என் பிள்ளை விழித்திருக்கும்போது பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்ததை அவனைப் பெற்ற நானே பார்த்ததில்லை. கண் சிமிட்டினாலும் பல்லைக் கடித்தாலும் இ.இ.ஜி. கோடு குழம்பிவிடும், அசையும் பிள்ளைக்கு எடுத்ததை வைத்து இப்படிப் படம் போட்டால் அதில் அர்த்தம் இல்லை என்று பிறகு கோயம்புத்தூர் டாக்டர் சொன்னார். அப்படியானால் அந்தச் சிவப்பும் நீலமும் யாருடைய மூளையில் எடுத்தது?

அடுத்தது தூண்டல். செல்போன் அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து இரண்டு ஒயர், முனையில் ஸ்பாஞ்ச். உப்புத் தண்ணீரில் நனைத்து நெற்றியில் ஒன்று, காதுக்கு மேலே ஒன்று வைத்து ரப்பர் பட்டை போடுவார்கள். இந்த மலைக் குளிரில் ஈர ஸ்பாஞ்சைத் தலையில் வைத்தால் எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்? பிடித்துவைக்க எங்களையே சொன்னார்கள். ஒருநாள் பட்டையைக் கழற்றியபோது காதுக்கு மேல் ரூபாய் அளவுக்குச் சிவந்து தோல் உரிந்திருந்தது. "ட்ரை ஸ்கின்மா, தேங்காய் எண்ணெய் வைங்க" என்றாள் அங்கே இருந்த பெண். ஸ்பாஞ்ச் காய்ந்துவிட்டால் கரண்ட் ஒரே புள்ளியில் இறங்கித் தோலைச் சுடும் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. மெஷினை வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

இதைவிடக் கொதிக்கிற விஷயம் ஒன்று உண்டு. சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோது பையனுக்கு வலிப்பு வந்திருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மூளையில் கரண்ட்டோ காந்தமோ வைப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வியே "ஃபிட்ஸ் வந்திருக்கா" என்பதுதான். யாருமே கேட்கவில்லை. படிவத்தில் அப்பாவின் வருமானம் கேட்டிருந்தார்கள்.

சென்சரி ரூம் என்பது நீர்க்குமிழி ஓடும் கண்ணாடிக் குழாய், கலர் லைட், ஒரு ஊஞ்சல். பையனுக்கு ஊஞ்சல் பிடித்திருந்தது, அதை மறைக்கவில்லை. கூடவே தூக்கத்துக்கு என்று எடை வைத்துத் தைத்த போர்வை ஒன்றையும் பேக்கேஜில் சேர்த்து எங்கள் தலையில் கட்டினார்கள். 2014இல் பிரிட்டனில் ஆட்டிசம் பிள்ளைகளிடம் இதே மாதிரிப் போர்வையைச் சோதித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் போர்வை பிடித்தது, தூக்கம் கூடவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படியே. போர்வையை மடியில் போட்டுக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்திருக்கிறான்.

முட்டுவதும் கடிப்பதும் குறையவில்லை, கூடியது. கேட்டால், "மூளை முழிக்குதும்மா, முதல்ல அப்படித்தான் இருக்கும்." அப்புறம், "வீட்ல கோ-ஆபரேஷன் பத்தலை." அப்புறம், "மழையில மெஷின் சர்வீஸ் ஆள் மலை ஏற மாட்டேங்கறான்." பணத்தைத் திருப்பிக் கேட்ட நாளிலிருந்து சார் கோயம்புத்தூரில் இருக்கிறார், சார் கான்ஃபரன்சில் இருக்கிறார், சார் சாப்பிடுகிறார். நேரில் போனால் ரிசப்ஷனில் வேறு பெண்: "அக்கா, நான் புதுசு, எனக்கு எதுவும் தெரியாது." வாட்ஸப்பில் நீல டிக் விழும், இன்று காலை வரை பதில் இல்லை. 72,000 வாங்கும்போது பத்து நிமிடத்தில் பேசி முடித்த ஆளுக்கு இப்போது பேச நேரமில்லை.

கோயம்புத்தூரில் குழந்தைகள் நரம்பியல் டாக்டரிடம் காட்டினோம். அவர் சொன்னதைச் சுருக்கமாகப் போடுகிறேன். காந்தத் தூண்டலுக்கு, அதாவது டி.எம்.எஸ்.ஸுக்கு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008இல் மன அழுத்த நோய்க்கும் 2018இல் ஓ.சி.டி.க்கும் (ஒரே எண்ணமும் செய்கையும் திரும்பத் திரும்ப வரும் நோய்) அனுமதி கொடுத்தது, ஆட்டிசத்துக்குக் கொடுக்கவில்லை. ஸ்பாஞ்ச் வைத்து ஒன்று, இரண்டு மில்லிஆம்பியர் கொடுக்கும் டி.டி.சி.எஸ்.ஸும் ஆட்டிசத்தில் இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. ஆராய்ச்சி என்றால் எத்திக்ஸ் கமிட்டி இருக்கும், கையெழுத்து வாங்குவார்கள், பெற்றோரிடம் காசு பிடுங்க மாட்டார்கள் என்றார். சென்சரி தெரபியை அவர் மொத்தமாகத் தள்ளவில்லை. ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவர்) தொடங்கிவைத்த முறை அது. ஆனால் ஆதாரம் குறைவாகத்தான் இருக்கிறது என்பதைப் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும் என்று 2012லேயே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் எழுதியிருக்கிறதாம். பல் துலக்க விடுவது, முடி வெட்ட உட்காருவது என்று ஒரு குறிக்கோளை வைத்துக் கொஞ்ச நாள் செய்து பாருங்கள், பலன் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள் என்றார். அவர் வாங்கிய ஃபீஸ் 600 ரூபாய். பையனின் காதைப் பார்த்துவிட்டு, கடைவாய்ப் பல் சொத்தையாக இருக்கிறது, வலியில்கூட முட்டலாம், முதலில் பல் டாக்டரிடம் போங்கள் என்றும் சொன்னார். 72,000 ரூபாய் மேப்பிங்கில் பல் தெரியவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், பையன் எழுந்துவிட்டான். அவசரமாகச் சொல்கிறேன். மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள், அன்றன்றைக்குக் கொடுங்கள். தனி ஆள் நம்பருக்கு ஜிபே போடாதீர்கள். ஸ்பீச் தெரபிஸ்ட், ஸ்பெஷல் எஜுகேட்டர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யாராக இருந்தாலும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள். 1992 சட்டப்படி அது இருக்க வேண்டும். நாங்கள் கேட்டதற்கு, "அப்ளை பண்ணியிருக்கோம்" என்றார்கள். வலிப்பு பற்றிக் கேட்காதவன் பிள்ளையின் தலையைத் தொடக் கூடாது. அரசு மருத்துவமனையோடு சேர்ந்த மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் காசு இல்லாமல் பார்க்கிறார்கள், முதலில் அங்கே காட்டுங்கள். ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான அரசின் நிராமயா இன்சூரன்ஸ் இருந்தால் தெரபிச் செலவில் ஒரு பகுதி திரும்ப வரும், ஆனால் ஒழுங்கான பில் வேண்டும். எஸ்டிமேட் தாளுக்கு எதுவும் வராது.

நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, அதனால் வழக்கும் போடுகிறோம். இதே சென்டரில் பணம் கட்டியவர்கள், படித்ததும் யார் என்று உங்களுக்கே புரியும், ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் அந்த எஸ்டிமேட் தாளையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்கு இன்பாக்சில் வாருங்கள். மேப்பிங் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். உங்கள் பிள்ளையும் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்ததாகத்தான் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.