2 டிபி என்று விற்றார்கள், உள்ளே இருந்தது 64 ஜிபி: அரை மாதச் சம்பளம் போச்சு

எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கோபம் இன்னும் அடங்கவில்லை. கொஞ்ச நேரம் முன்னால்தான் வாடிக்கையாளர் சேவையிலிருந்து "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரு செய்தி போட்டுவிட்டு சாட்டை மூடிவிட்டார்கள். தீர்ந்தது என் அரை மாதச் சம்பளம்தான்.

தளத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் பதிவே தூக்கப்படும். ஊர்பேர் தெரியாத விற்பனையாளர்களுக்கெல்லாம் இடம் கொடுத்து, நடுவில் கமிஷன் எடுக்கிற பெரிய ஆன்லைன் சந்தைகளில் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியது ஒரு எக்ஸ்டர்னல் எஸ்.எஸ்.டி, அதாவது வெளியிலிருந்து லேப்டாப்பில் செருகி ஃபைல்களைச் சேமிக்கிற வேகமான டிரைவ். 2 டிபி, அதாவது சுமார் 2000 ஜிபி. லேப்டாப் நிரம்பி வழிகிறது, குழந்தையின் வீடியோக்களைப் பத்திரமாக ஓரிடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. அடிமாட்டு விலைக்கு "16 டிபி" என்று விற்கிறார்களே, அதெல்லாம் மோசடி என்று எனக்கும் தெரியும். இவர்கள் அதைவிடக் கெட்டிக்காரர்கள். பெரிய கம்பெனி டிரைவைவிடக் கொஞ்சமே கொஞ்சம் குறைவாக விலை வைத்திருந்தார்கள். பக்கத்தில் "சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்" என்று தளமே கொடுத்த பச்சை முத்திரை. ஆயிரக்கணக்கில் ஐந்து நட்சத்திரம். வேகம் நொடிக்கு 1050 எம்பி என்று போட்டிருந்தது, நல்ல எஸ்.எஸ்.டி.க்கு உள்ள அதே வேகம். ஒரு சந்தேகம் கேட்டு இரவில் செய்தி அனுப்பினேன், சில நிமிடத்தில் பதில்: "நம்பி வாங்குங்கள் சார், பிரச்சனை வந்தால் நாங்கள் இருக்கிறோம்." இருக்கிறார்களாம்!

பெட்டி வந்தது. அலுமினிய உறை, கையில் எடுத்தால் நல்ல கனம். உள்ளே ஒரு சீட்டு, ஐந்து நட்சத்திரம் போட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் ஒரு கேபிள் இலவசமாம். கிழித்துப் போட்டேன். செருகினேன், விண்டோஸ் 1.81 டிபி என்று காட்டியது. அது சரியான கணக்குதான். கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணும், அதனால் அசல் 2 டிபி டிரைவிலும் 1.81தான் வரும். போலிக்காரன் அதைக்கூடப் பிசகாமல் செய்திருந்தான்.

காப்பி போட்டபோது முதலில் பறந்தது, பிறகு நொடிக்கு 25 எம்பிக்கு இறங்கி அங்கேயே நின்றது. விற்பனையாளரிடம் கேட்டால் "முதல் தடவை அப்படித்தான் சார், பழகிவிடும்" என்றார். எஸ்.எஸ்.டி என்ன புதுச் செருப்பா, போடப்போடப் பழக?

சில வாரம் கழித்து ஒரு பழைய வீடியோவைத் திறந்தேன். ஓடவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது, எதுவும் ஓடவில்லை. பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, சைஸ்கூட இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. லேப்டாப்பில் இருந்ததை நான் இன்னும் அழிக்கவில்லை, அதனால் பிழைத்தேன். டிரைவ் வாங்குவதே லேப்டாப்பில் இடம் காலி செய்யத்தானே, காப்பி முடிந்ததும் அழித்துவிட்டவர்கள் எத்தனை பேரோ!

உறையைத் திறந்தேன். வேகம் குறைந்த பழைய யூ.எஸ்.பி 2.0 கார்டு ரீடர் போர்டு ஒன்று, அதில் பசை வைத்து ஒட்டிய 64 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்று, கனத்துக்கு ஒரு இரும்புத் தகடு. என் அரை மாதச் சம்பளம் அந்தத் தகட்டுக்குத்தான் போயிருக்கிறது.

எப்படி 2 டிபி காட்டியது என்று தேடிப் படித்தேன். டிரைவை இயக்கும் சிப்பில் (கன்ட்ரோலர்) இருக்கும் மென்பொருளை (ஃபர்ம்வேர்) திருத்திப் பொய் அளவு சொல்ல வைக்கிறார்கள். கம்ப்யூட்டர் அதை அப்படியே நம்புகிறது. உண்மையான கொள்ளளவு தாண்டியதும், வருகிற டேட்டா ஒன்று எங்கும் எழுதப்படாமல் போகிறது, அல்லது ஏற்கெனவே இருப்பதன் மேலேயே எழுதப்படுகிறது. ஃபைல் பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் டிரைவின் தொடக்கத்தில் இருப்பதால் அது தப்பிவிடும், அதனால் எல்லாம் இருப்பதுபோலவே தெரியும். எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் வழக்கம் விண்டோஸ் காப்பிக்குக் கிடையாது, எனவே எச்சரிக்கையும் வராது. வீட்டு உபயோகத்தில் 64 ஜிபியைத் தாண்டவே பலருக்கு வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிடும். அவன் வியாபாரம் முழுக்க அந்தக் கெடுவை நம்பித்தான் நடக்கிறது.

இனி தளத்தின் லட்சணத்தைக் கேளுங்கள். முதலில் ரோபோ சாட். "கொள்ளளவு சற்றுக் குறைவாகத் தெரிவது இயல்பு" என்று 1.81 பாடத்தை எனக்கே எடுத்தது. நான் அதைக் கேட்கவே இல்லை. பிறகு ஒரு மனிதர் வந்தார், ஃபார்மட் செய்யச் சொன்னார். அடுத்தவர் கேபிள் மாற்றச் சொன்னார். அதற்கடுத்தவருக்கு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், அவரும் ஃபார்மட் செய்யச் சொன்னார். "உங்கள் சிரமம் புரிகிறது" என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். கார்டு ஒட்டியிருக்கும் படத்தை அனுப்பியதும் குரலே மாறிவிட்டது: "பொருளை நீங்கள் பிரித்திருக்கிறீர்கள், ஆகவே வாரன்டி செல்லாது." பிரிக்காவிட்டால் ஆதாரம் இல்லை, பிரித்தால் வாரன்டி இல்லை! மேலதிகாரியைக் கேட்டேன். "நாங்கள் வெறும் இடைத்தரகர், விற்பனையாளரைத் தொடர்புகொள்ளுங்கள்" என்றார். அந்த விற்பனையாளரின் பக்கமே இப்போது இல்லை. "நாங்கள் இருக்கிறோம்" என்றவர் செய்தியைப் பார்ப்பதுகூட இல்லை. அப்படியென்றால் அந்தப் பச்சை முத்திரையை எதைச் சரிபார்த்துக் கொடுத்தீர்கள்? இதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை. விமர்சனம் எழுதினேன், "விதிமுறைக்கு மாறானது" என்று நிராகரித்துவிட்டார்கள். பழைய ஐந்து நட்சத்திரங்களை இப்போது கீழே வரை போய்ப் படித்தால், பாதிப் பேர் பாராட்டியிருப்பது ஏதோ ஃபோன் கவரை. வேறு பொருளுக்கு வந்த விமர்சனங்களை வைத்துக்கொண்டு, பக்கத்தில் பொருளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. டிரைவோ பென்டிரைவோ மெமரி கார்டோ, வந்த அன்றே சோதியுங்கள். அதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன: விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸில் எஃப்3 (F3), இரண்டும் இலவசம், ஆனால் 2 டிபி முழுக்க எழுதிப் படிக்க நேரம் பிடிக்கும். அவசரமென்றால் விண்டோஸில் வேலிடிரைவ் (ValiDrive), அது அங்கங்கே 576 இடங்களில் எழுதிப் பார்த்து சில நிமிடத்தில் சொல்லிவிடும். சோதனை முடியும்வரை பழைய இடத்தில் இருப்பதை அழிக்காதீர்கள். உறையைத் திறக்காதீர்கள், சோதனை முடிவின் படம் போதும். கார்டில் பணம் கட்டியிருந்தால் "பொருள் விவரித்தபடி இல்லை" என்று வங்கியில் டிஸ்ப்யூட் (கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கும் புகார்) போடலாம், அதற்கும் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். நான் இன்று காலை போட்டுவிட்டேன். அரை மாதச் சம்பளம் திரும்பி வருமா என்பதை வங்கிதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. அதே படம், அதே நீல விளக்கு, அதே 1050 எம்பி, இப்போது வேறொரு விற்பனையாளர் பெயரில் அதே தளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, பச்சை முத்திரையோடு. ரிப்போர்ட் செய்தேன். "எங்கள் விதிகளை இது மீறவில்லை" என்று பதில் வந்திருக்கிறது.