பேசினால் கேட்கும் இயர்பட்கள்: எதற்கு எவ்வளவு கொடுக்கலாம்?

காலை ஏழு மணிக்கு என் இரண்டு கைகளிலும் சப்பாத்தி மாவு ஒட்டியிருக்கும். ஓர் அடுப்பில் குக்கர், இன்னொன்றில் பால். "பத்து நிமிடத்துக்கு டைமர்" என்று சொன்னால் காதுக்குள் மெல்லிய ஓசை ஒன்று கேட்கும். வேலை முடிந்தது, போனில் மாவு ஒட்டவில்லை. முதல் வாரம் முழுவதும் மாமியார்தான் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்து, "என்னையா கூப்பிட்டாய்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

குரல் உதவியாளர் வசதியுள்ள இயர்பட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் சாட்சி இந்தச் சப்பாத்தி மாவுதான். இதற்குமேலும் ஏதோ இருக்கிறது என்று விளம்பரங்களை நம்பி நான்கு ஆண்டுகளில் மூன்று ஜோடி வாங்கியிருக்கிறேன். அவற்றில் ஒன்று மேசை இழுப்பறையில் தூங்குகிறது. கீழே எழுதியிருப்பது காசு கொடுத்துக் கற்ற பாடம்.

முதலில், கடையில் யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு விஷயம். உதவியாளர் இயர்பட்டுக்குள் குடியிருக்கவில்லை. இயர்பட்டில் இருப்பவை மைக், ஒலிபெருக்கி, ஒரு சிறிய சிப் ஆகியவைதான். உங்கள் குரலைப் புளூடூத் வழியாகப் போனுக்கு அனுப்புவதோடு அதன் வேலை தீர்ந்தது. புரிந்துகொள்வதும் பதில் சொல்வதும் போனும், பெரும்பாலும் போனுக்கு அப்பால் எங்கோ இருக்கும் சர்வரும். இணையம் அறுந்தால் உதவியாளரின் பாதி அறிவும் அறுந்துவிடும். ஆகவே எந்த இயர்பட் என்ற கேள்விக்கு முன்னால் உங்கள் கையில் எந்தப் போன் என்ற கேள்வி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனோடு ஆப்பிளின் ஏர்பாட்ஸை இணைத்தால் அது பாட்டுப் பாடும், அழைப்பு எடுக்கும், ஆப்பிளின் உதவியாளரான சிரி மட்டும் வராது. ஐபோனோடு கூகுளின் பிக்சல் பட்ஸை இணைத்தாலும் இதே கதை: கூப்பிட்டதும் விழிக்கும் கூகுள் அதில் கிடைக்காது. இந்த ஒரு வரி தெரியாமல் பரிசாக வாங்கிக் கொடுத்துவிட்டு விழித்தவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது விஷயம், இந்த வசதியில் இரண்டு சாதி உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விழிப்பது ஒன்று. தொட்டோ அழுத்தியோ எழுப்ப வேண்டியது மற்றொன்று. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் இயர்பட் பெட்டிகளின் மேல் 'வாய்ஸ் அசிஸ்டன்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது ஏறக்குறைய எப்போதும் இரண்டாவது வகை. மூன்று முறை தட்டினாலோ நீளமாக அழுத்தினாலோ போனிலுள்ள உதவியாளர் விழிக்கும். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் மாவுக் கையால் காதைத் தட்ட வேண்டுமென்றால் போனையே தட்டியிருக்கலாமே.

கூப்பிட்டால் விழிப்பவற்றில் முன்னே நிற்பவை ஆப்பிளும் கூகுளும். 2016இல் வந்த முதல் ஏர்பாட்ஸில் சிரியை அழைக்க இரண்டு முறை தட்ட வேண்டியிருந்தது. 2019 மார்ச்சில் வந்த இரண்டாம் தலைமுறையில் எச்1 சிப் சேர்ந்தபிறகுதான் 'ஹே சிரி' என்று வாயால் அழைக்க முடிந்தது. 2023இல் அந்த 'ஹே'யையும் விட்டுவிட்டு, சில மொழி அமைப்புகளில் வெறும் 'சிரி' என்றாலே போதும் என்றார்கள். போட்டோ எடுக்கும் ஒவ்வொரு சித்தப்பாவும் குழந்தையைப் பார்த்துச் சொல்லும் சொல் அது என்று அமெரிக்காவில் யாருக்குத் தெரியும்! அடுத்த ஆண்டு வந்தது தலையாட்டல்: எச்2 சிப் உள்ள ஏர்பாட்ஸை அணிந்துகொண்டு மேலும் கீழும் தலையசைத்தால் அழைப்பை எடுக்கும், இடவலமாக அசைத்தால் மறுக்கும். ஆமாம், இல்லை, பார்க்கலாம் மூன்றையும் ஒரே சாய்ப்பில் சொல்லும் நம் ஊர்த் தலையாட்டலுக்கு அதில் இடமில்லை.

ஏர்பாட்ஸின் உண்மையான பலம், வந்த செய்தியைத் தானாகப் படித்துக் காட்டி, பதிலையும் வாயாலேயே வாங்கிக்கொள்வது. நெரிசல் ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி நிற்கும்போது இதன் அருமை தெரியும். 2024 செப்டம்பரில் அறிமுகமான ஏர்பாட்ஸ் 4 இந்தியாவில் 12,900 ரூபாய்க்கு வந்தது. வெளிச்சத்தம் அடக்கும் வசதி அந்த விலையில் கிடையாது; அது வேண்டுமென்றால் 17,900. உதவியாளருக்காக மட்டும் வாங்குகிறவர் முதல் விலையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கூகுளின் பக்கம் கதை சற்று வேறு. 2017இல் வந்த முதல் பிக்சல் பட்ஸ் இரண்டையும் ஒரு கயிறு இணைத்திருந்தது. கயிறில்லாமல், 'ஹே கூகுள்' என்றால் விழிக்கும் வகையில் வந்தது 2020இல். 2024இன் பிக்சல் பட்ஸ் புரோ 2, கூகுளின் புதிய உதவியாளரான ஜெமினியோடு உரையாடுவதையே முதல் பெருமையாகச் சொல்லிக்கொண்டு 22,900 ரூபாய்க்கு வந்தது. சிரியிடம் கட்டளை இடலாம்; ஜெமினியிடம் பேசிக்கொண்டே போகலாம், நடுவில் குறுக்கிடலாம், கேள்வியை மாற்றலாம். மாலை நடைக்குத் துணையாக இது சுகம். ஆனால் டைமர் வைப்பது, அழைப்புப் போடுவது போன்ற சில்லறை வேலைகளில் பேச்சுத் துணையைவிடச் சொன்னதைச் செய்யும் ஆள்தான் எனக்குத் தேவை. இரண்டு வார்த்தையில் முடிய வேண்டிய பதில் நான்கு வரிக்கு நீளும்போது அடுப்பில் பால் பொங்கிவிடும்.

சாம்சங், அமேசான் இரண்டையும் விரைவாகச் சொல்லிவிடலாம். கேலக்ஸி பட்ஸ்3 புரோ 19,999 ரூபாய்க்கு வந்தது. ஒலி அருமை, சாம்சங் போன் வைத்திருப்பவருக்குப் பொருத்தம். அதன் சொந்த உதவியாளர் பிக்ஸ்பிதான் நோஞ்சான் பிள்ளை. 2025 ஜனவரியில் வந்த எஸ்25 போன்களில் பக்கவாட்டுப் பொத்தானை ஜெமினிக்குச் சாம்சங்கே தூக்கிக் கொடுத்துவிட்டது. அதற்குமேல் நான் என்ன சொல்ல? அமேசானின் எக்கோ பட்ஸ் அதன் சொந்த உதவியாளரான அலெக்ஸாவை நம்பியது. போனில் அலெக்ஸா செயலி பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வீடு முழுக்க அலெக்ஸா விளக்கும் மின்விசிறியும் பொருத்தியவர் தவிர மற்றவருக்கு அதில் ஆதாயம் குறைவு.

இப்போது நமக்கான கேள்வி: தமிழ் தெரியுமா?

கூகுள் இங்கே தெளிவாக முன்னால் நிற்கிறது. 2019 வாக்கிலேயே அதன் அசிஸ்டன்ட் தமிழில் பேசத் தொடங்கிவிட்டது. 2024 ஜூனில் ஜெமினி செயலி இந்தியாவுக்கு வந்தபோது ஒன்பது இந்திய மொழிகளில் தமிழும் இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஜெமினியோடு நேரடியாக உரையாடும் வசதியும் தமிழுக்கு வருவதாக அறிவித்தார்கள். ஆப்பிள் 2024இல் ஐபோனின் மென்பொருளான ஐஓஎஸ் 18 மூலம் இந்திய ஆங்கிலத்தோடு தமிழைக் கலந்து சிரியிடம் பேச வழி செய்தது. கலந்து பேசலாம் என்பதும் தமிழிலேயே பேசலாம் என்பதும் ஒன்றல்ல. 2025இல் ஏர்பாட்ஸில் வந்த நேரடி மொழிபெயர்ப்பும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், போர்த்துகீசியம், ஸ்பானியம் என்றுதான் தொடங்கியது. அலெக்ஸாவுக்கு இந்தி தெரியும், தமிழ் தெரியாது.

மொழிப் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் தொல்லை தீர்வதில்லை. நம் போன்களில் பெயர்களை எப்படிச் சேமித்திருக்கிறோம் என்று பாருங்கள். ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில். நான் இப்போது பெயர் சொல்ல விரும்பாத ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டு ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, "அன்பழகனுக்குப் போன் போடு" என்றேன். அன்பழகன் என் அலுவலக மேலாளர். விடுப்புக் கேட்க வேண்டும். சில நொடி மௌனம். பிறகு, "அன்பு பிளம்பரை அழைக்கிறேன்" என்றது. 'நிறுத்து' என்று நான் தெருவில் நின்று கத்தக் கத்த அது அழைத்தே தீர்ந்தது. பிளம்பர் நல்ல மனிதர். "குழாய் மறுபடி ஒழுகுகிறதா அக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், உண்மையிலேயே ஒழுகிக்கொண்டிருந்தது.

ஆங்கிலக் காது கொண்ட உதவியாளருக்கு ழகரம் பிடிபடுவதில்லை. அன்றிலிருந்து அடிக்கடி அழைப்பவர்களின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் மாற்றி, உதவியாளரின் மொழியையும் தமிழாக்கிவிட்டேன். நிலைமை நன்றாகத் தேறியிருக்கிறது. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதி வரும் செய்திகளைப் படிக்கச் சொன்னால் மட்டும் இன்னும் கூத்துதான். தங்கை அனுப்பிய 'சாப்பிட்டாயா' காதுக்குள் ஏதோ ஜப்பானிய ஊர்ப் பெயர்போல் ஒலித்தது.

எந்த விலையிலும் உள்ள இன்னொரு குறை, பாட்டுக்கு நடுவே உதவியாளரை எழுப்பினால் ஒலி பொலிவிழப்பது. பழைய புளூடூத் முறையில் பாட்டுக்கு ஒரு பாதை, மைக்குக்கு வேறு பாதை. மைக் திறந்ததும் மொத்த ஒலியும் தொலைபேசிப் பாதைக்கு மாறிவிடும். பாட்டு நொடிக்கு 44,100 மாதிரிகளாக (ஒலியின் சிறு அளவீடுகளாக) வருகிறதென்றால், அந்தப் பாதையில் வருவது 8,000 அல்லது 16,000. நாதஸ்வரம் திடீரென்று கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது அதனால்தான். உங்கள் இயர்பட் கெட்டுவிடவில்லை. 2020இல் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ என்ற புதிய முறை இதைத் தீர்க்க வந்தது. போன், இயர்பட் இரண்டிலும் அது இருந்தால்தான் பலன்.

பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போனில் 5,000 மில்லி ஆம்பியர் மணி என்றால் ஓர் இயர்பட்டில் அதன் நூறில் ஒரு பங்கு. எப்போதும் காது தீட்டிக்கொண்டிருக்கும் மைக்குக்கும் அதிலிருந்துதான் பங்கு போக வேண்டும். தொட்டால் விழிக்கும் மலிவு வகைக்கு இங்கே ஒரு சின்ன வெற்றி.

அந்தக் 'காது தீட்டல்' இன்னொரு வகையிலும் யோசிக்க வைக்கிறது. அழைப்புச் சொல்லைக் கண்டுபிடிக்கும் வேலை சாதனத்துக்குள்ளேயே நடக்கிறது, அதுவரை எதுவும் வெளியே போவதில்லை என்பது நிறுவனங்களின் விளக்கம். அது சரிதான். ஆனால் தவறாக விழித்தால்? 2019இல் ஒரே ஆண்டுக்குள் அமேசான், கூகுள், ஆப்பிள் மூன்றிலும், உதவியாளர் பதிவுசெய்த பேச்சுகளைத் தரம் பார்ப்பதற்காக மனிதர்கள் கேட்டுவந்தது செய்தியானது. ஆப்பிள் அந்த வேலையை நிறுத்திவைத்து, பிறகு பயனர் சம்மதித்தால் மட்டும் என்று மாற்றியது. சிரி தொடர்பான வழக்கொன்றை முடித்துக்கொள்ள 2025 ஜனவரியில் 9.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு மார்ச்சில் அமேசான், குரல் பதிவை வெளியே அனுப்பாமல் வைத்துக்கொள்ளும் தெரிவைத் அலெக்ஸா ஒலிபெருக்கிகளான தன் எக்கோ கருவிகளிலிருந்து எடுத்துவிட்டது. கூடத்தில் வைத்த ஒலிபெருக்கியாவது கூடத்திலேயே கிடக்கும். இயர்பட் உங்களோடு வங்கிக்கும் மருத்துவமனைக்கும் வருகிறது. நான் அலுவலகத்துக்குள் நுழையும்போது பெயர் சொல்லி அழைக்கும் வசதியை அணைத்துவிடுகிறேன். சம்பள விவரம் பேசும் அறையில் மூன்றாவது காது எதற்கு?

யாருக்கு எது என்றால்: ஐபோன்காரருக்கு ஏர்பாட்ஸ் 4 போதும், விலை கூடிய ஏர்பாட்ஸ் புரோவுக்குத் தரும் கூடுதல் பணம் பெரும்பாலும் அமைதிக்கும் ஒலிக்கும் போகிறது, சிரியின் அறிவு அதனால் கூடுவதில்லை. தமிழில் பேச வேண்டும், ஆண்ட்ராய்டு போன் என்றால் கூகுள் பக்கம் போங்கள். பிக்சல் பட்ஸ்தான் வேண்டும் என்பதில்லை. தொட்டு எழுப்புவதில் சங்கடம் இல்லாதவருக்கு இரண்டாயிரம் ரூபாய் இயர்பட்டின் வழியாகவும் அதே தமிழ் தெரிந்த ஜெமினிதான் பதில் சொல்லும். இருபதாயிரத்தின் மிச்சத்துக்குக் கிடைப்பவை நல்ல மைக்கும், கை படாமல் அழைக்கும் வசதியும், கொஞ்சம் பெருமையும். மைக்கை மட்டும் அலட்சியமாக எண்ணாதீர்கள். மலிவு வகையில் பஸ் ஹாரனுக்கு நடுவே நீங்கள் சொன்னது உதவியாளருக்கு எட்டவே எட்டாது.

வாங்கும் முன் கடையில் நின்றபடியே உங்கள் போனோடு இணைத்து, ழகரம் உள்ள ஒரு பெயரைச் சொல்லி அழைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் ஒருமாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. வாசலுக்கு வந்து வண்டிச் சத்தத்தில் இன்னொரு முறை. இரண்டிலும் சரியான ஆளுக்கு மணி அடித்தால் பணத்தை எடுங்கள்.