ஆப்பில்லாத டேபிள் சாவும் என் பேண்ட் சாவும்

கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு மரவேலை ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. முதல் நாலரை வருஷம் மேஜைக்கு மேல் வட்டப் பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும் பழைய டேபிள் சா ஒன்றை வைத்து ஓட்டினேன். அதை விற்றுவிட்டு, பிளேடு நாடாபோல் இரண்டு சக்கரங்களில் ஓடும் பதினான்கு அங்குலப் பேண்ட் சா வாங்கி ஒன்றரை வருஷம் ஆச்சு. எது நல்லது என்று கேட்டால் நடுநிலையாகப் பேச எனக்கு வராது. மலையில் வீட்டிலேயே மரவேலை செய்பவருக்கு, அதுவும் உள்ளூர் மரத்தை அறுப்பவருக்கு, பேண்ட் சாதான்.

டேபிள் சாவின் பெருமை எல்லோருக்கும் தெரிந்ததே. நேர்கோடு பிசகாது, வெட்டிய முகம் வழவழப்பாக இருக்கும், ஒரே அளவில் இருபது ரீப்பர் வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு கிடைக்கும். சரி, கண்ணை மட்டும் மூடாதீர்கள். பேண்ட் சாவில் வளைவு வெட்டலாம், கனமான கட்டையைப் பலகையாகக் கிழிக்கலாம். டேபிள் சா பிளேடு மூன்று மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும் இடத்தில் இதற்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம் போதும். இதெல்லாம் கடைக்காரரே சொல்வார். அவர் சொல்லாதது கிக்பேக், அதாவது பிளேடு மரத்தை நம் பக்கமே திருப்பி எறிவது.

ஒரு டிசம்பர் மதியம், மூன்றடிக் கற்பூர மரப் (யூகலிப்டஸ்) பலகையை நெடுக்கில் கிழித்துக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி போயிருக்கும். மோட்டார் சத்தம் திடீரென்று கனத்தது. அடுத்த நொடி பலகை கையில் இல்லை. இடது இடுப்பில் உரசிக்கொண்டு போய்ப் பின்னால் இருந்த தகரக் கதவில் அடித்து விழுந்தது. கதவில் உள்ளங்கை அளவு பள்ளம். பிளேடுக்கு நேராக நிற்காமல் அரை அடி தள்ளி நின்றிருந்தேன். அதனால் வயிறு தப்பியது.

நடந்தது இதுதான். டேபிள் சா பிளேடின் முன்பக்கப் பல் மரத்தைக் கீழே அழுத்தும், பின்பக்கப் பல் மேலே ஏறி வரும். பத்து அங்குலப் பிளேடு நிமிஷத்துக்கு 4,500 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். அறுத்த வாய் மூடிப் பிளேடைக் கவ்வினாலோ, பலகையை நேராக நடத்தும் பக்கத் தடுப்பான ஃபென்ஸ் இடித்து மரம் பின்பல்லின் மேல் சாய்ந்தாலோ, அந்தப் பல் மரத்தைத் தூக்கி நம் பக்கமே வீசும். கையை எடுக்க அவகாசம் கிடையாது. சில சமயம் கை மரத்தோடு சேர்ந்து பிளேடுக்குள் இழுபடும்.

பேண்ட் சாவில் பிளேடு மேலிருந்து நேராகக் கீழே ஓடுகிறது, விசை முழுவதும் மேஜைக்குள் இறங்கிவிடும். வாய் மூடினால் பிளேடு சிக்கி மோட்டார் முனகும், அவ்வளவுதான். அணைத்துவிட்டு ஆப்பு வைத்து எடுக்கலாம். என் முடிவுக்கு இந்த ஒரு விஷயமே போதுமானதாக இருந்தது.

சமவெளியில் பிளைவுட் அறுப்பவருக்கு இது அவ்வளவு பெரிய விஷயமில்லை. பிளைவுட்டுக்கு உள்முறுக்கம் குறைவு. இங்கே கிடைப்பதோ கற்பூர மரம், தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக், சீகை (வாட்டில்). கற்பூர மரம் நிற்கும்போதே வெளிவட்டம் இழுபட்டும் நடு நெருக்கப்பட்டும் வளர்வது. கிழித்தவுடன் வில்லாக வளையும். அவசரமாக உலர்த்திய பலகையோ உள்பக்கம் மடங்கி வாயை மூடும். விரிந்தால் ஃபென்ஸில் முட்டும், மூடினால் பிளேடைக் கவ்வும், இரண்டுமே ஆபத்து. போதாக்குறைக்கு வடகிழக்குப் பருவமழையில் பனிமூட்டம் கொட்டகைக்குள்ளேயே வந்துவிடும். காய்ந்த பலகையும் நவம்பரில் ஈரம் குடித்து மனசு மாறும்.

கதவைச் சரிசெய்யும்போது உதவிக்கு வந்த பெரியவர் அந்தக் காலத்தில் இருவராக வாள் இழுத்தவர். மெஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஆப்பு எங்க தம்பி? ஆப்பு வைக்காம அறுத்தா மரம் கவ்வத்தான் செய்யும்” என்றார். அவர் கேட்ட ஆப்புதான் ரைவிங் நைஃப். பிளேடுக்குப் பின்னால் ஒட்டி நின்று, அதனோடு ஏறி இறங்கி, அறுத்த வாயைத் திறந்தே வைக்கும் தகடு. எனக்கு முன்னால் மெஷினை வைத்திருந்தவர் இடைஞ்சல் என்று கழற்றிப் போட்டிருக்கிறார். ஆப்பசைத்த குரங்கு கதையைச் சின்ன வயதில் கேட்டு என்ன பிரயோஜனம், நாலரை வருஷம் நானும் அப்படியேதான் ஓட்டினேன்.

கட்டர் மெஷினைப் பலகைக்கு அடியில் கவிழ்த்து முடுக்கி “டேபிள் சா” ஆக்குவதைப் பல பட்டறைகளில் பார்க்கலாம். அதில் ரைவிங் நைஃபும் இல்லை, மூடியும் இல்லை. அதை இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்க மாட்டேன்.

டேபிள் சாதான் வேண்டும் என்றால் ரைவிங் நைஃப் இல்லாத மெஷினைத் தொடாதீர்கள். ஃபென்ஸ் பிளேடுக்கு இணையாக இருக்கிறதா என்று அடிக்கடி அளந்து பாருங்கள். திடமரம் கிழிக்க, பிளேடின் நடுவோடு நின்றுவிடும் குட்டை ஃபென்ஸ் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் விரியும் மரத்துக்கு இடம் கிடைக்கும். தோல் பட்டவுடன் ஐந்து மில்லிசெகண்டுக்குள் பிளேடை நிறுத்தும் சாஸ்டாப் வகை இருக்கிறதே என்பார்கள். அது விரலைக் காப்பாற்றும், பறந்து வரும் பலகையைத் தடுக்காது. நன்றாக ஈரமான மரம் பட்டாலும் பிரேக் விழலாம். விழுந்தால் பிரேக் கார்ட்ரிட்ஜும் பிளேடும் புதிதாக வாங்க வேண்டும்.

பேண்ட் சா சாதுவல்ல. மெதுவாக ஓடுவதுபோல் தெரிவதால் விரல் அலட்சியமாகிவிடும். உருளைக் கட்டையைத் தாங்கல் இல்லாமல் கொடுத்தால் சுழற்றி இழுத்துவிடும். வெட்டு ஒருபக்கம் இழுக்கும், முகம் சொரசொரப்பாக வரும், ஒவ்வொரு பலகையையும் இழைத்தே ஆக வேண்டும். வார்ப்பிரும்பு மேஜை இந்த ஊர்ப் பனிக்கு இரண்டே நாளில் துரு பிடிக்கிறது. மெழுகு தேய்த்துப் பழைய போர்வை போட்டு மூடுகிறேன். பிளேடு பற்றவைக்க மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவைக்குத்தான் போகிறேன். பிளேடு ஓடும் சக்கரத்து ரப்பர் எத்தனை வருஷம் தாங்கும் என்பதை, இந்த ஒன்றரை வருஷத்தை வைத்துக்கொண்டு சொல்வது சரியாக இருக்காது.

பிளைவுட் ஷீட்டுக்குப் பேண்ட் சா உதவாது. அதற்குக் கைச் சர்க்குலர் சாவும் நேரான அலுமினியப் பட்டியும் வைத்திருக்கிறேன்.

பழைய டேபிள் சாவை வாங்கியவர் குன்னூரில் பிளைவுட் அலமாரி மட்டும் செய்பவர். ரைவிங் நைஃப் செய்து மாட்டாமல் சுவிட்சைப் போட மாட்டேன் என்று அவர் சொன்ன பிறகுதான் வண்டியில் ஏற்றிவிட்டேன். அதற்காக 1,500 ரூபாய் விலையில் குறைத்தும் கொடுத்தேன்.