ஹோண்டா சிட்டி பெட்ரோல்: மூன்று வருடம் ஓடிய பிறகும் வண்டியில் மிஞ்சும் மாற்றங்கள்

2014-ல் வந்த நான்காம் தலைமுறை சிட்டியில் 1.5 லிட்டர் ஐ-விடெக் இன்ஜின் 119 பிஎஸ் பவரும் 145 என்எம் டார்க்கும் (இழுவிசை) தருகிறது. வண்டி எடை ஒரு டன்னைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். குடும்ப வண்டிக்கு இந்த பவர் தாராளம். ஆனால் அதைத் தரையில் இறக்க வேண்டிய டயரின் அகலம் 175 மி.மீ., பின் சக்கரங்களில் டிரம் பிரேக். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் பிக்கப் ஏற்ற வேண்டும் என்று முதலில் போவது ஏர் ஃபில்டருக்கும் சைலென்சருக்கும்தான். மூன்று வருடம் போனால் அவை இரண்டும் கழற்றப்பட்டு வீட்டுப் பரணில் கிடக்கும். டயரும் பிரேக் பேடும் மட்டும் வண்டியில் இருக்கும்.

டயரிலிருந்து ஆரம்பிக்கலாம். 175/65 R15 டயரின் மொத்த விட்டம் 608.5 மி.மீ. அதே ரிம்மில் 195/60 R15 போட்டால் 615 மி.மீ. வித்தியாசம் ஒரு சதவீதம்தான், ஆகவே ஸ்பீடோமீட்டரைப் பற்றிக் கவலை இல்லை. 5.5 அங்குல ரிம்முக்கு இது போதும், 205-க்கு ஆசைப்பட வேண்டாம். பக்கச்சுவர் உயரமும் 114-லிருந்து 117 மி.மீ. ஆகிறது, குழியில் விழுந்தால் ரிம் தப்பிக்கும். 2017-ல் டாப் மாடலுக்கு நிறுவனமே தந்த 185/55 R16 பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் அதன் பக்கச்சுவர் 102 மி.மீ.தான்; நம் ரோட்டுக்கு 15 அங்குலமே நல்லது. 195 போட்டால் ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும், மைலேஜ் லிட்டருக்கு அரை கிலோமீட்டர்வாக்கில் குறையும். ஈரச் சாலையில் பிரேக் அடிக்கும்போது தெரியும் வித்தியாசத்துக்கு அது பெரிய விலை இல்லை. வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2325 என்றால் 2025-ன் 23-ஆவது வாரம் செய்தது. இரண்டு வருடம் கடையில் கிடந்த டயரைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்தது பிரேக். பெரிய டிஸ்க், காலிபர் எல்லாம் ஆரம்பத்தில் தேவையே இல்லை. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? பெரும்பாலும் குற்றவாளி பழைய பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 தரத்துப் புது பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிவிட்டால் அதன் தர வரம்பே 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவி, ஆவி அமுங்கும், பிரேக் பிடிக்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு லிட்டர் டாட் 4 வாங்கி நான்கு சக்கரத்திலும் பிளீடிங் (பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுவது) செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

புதுப் பேட் போட்டதும் அதைப் பழக்க வேண்டும். இதைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். காலிச் சாலையில் 60-லிருந்து 20 கி.மீ. வேகத்துக்கு மிதமாக அழுத்திக் குறைத்து, மறுபடி வேகம் எடுங்கள். எட்டு பத்து முறை, நடுவில் ஒருதடவைகூட முழுசாக நிற்காமல். பிறகு பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு நின்று பெடலை மிதித்துக்கொண்டே இருந்தால் பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் திட்டாக ஒட்டும். அப்புறம் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் உதறும். மெக்கானிக் "டிஸ்க் பெண்டாயிடுச்சு சார்" என்பார். பல நேரம் பெண்ட் எதுவும் இருக்காது, அந்தத் திட்டுதான்.

சஸ்பென்ஷனில் தாழ்த்தும் ஸ்பிரிங் வேண்டாம். கிரவுண்ட் கிளியரன்ஸே 165 மி.மீ.; அதில் 30 போய், பின் சீட்டில் மூன்று பேர் ஏறினால் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் அடி தட்டும். சக்கரம் மேலும் கீழும் ஆடும் தூரம் குறைவதால் ஒரிஜினல் ஷாக் அப்சார்பர் அடிக்கடி ஸ்டாப்பர் ரப்பரில் மோதி ஆயில் கசியும். ஸ்பிரிங்கை அறுத்துத் தருகிறேன் என்பவர் பட்டறைப் பக்கமே போகாதீர்கள். 70,000 கி.மீ. தாண்டிய வண்டிக்குப் புது ஒரிஜினல் ஷாக், அதோடு மேல் மவுண்ட், பேரிங், ஸ்டாப்பர், லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் மாற்றினாலே வேறு வண்டி ஓட்டுகிற மாதிரி இருக்கும். ஒரு விஷயத்தை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முழுசாக முறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. அதன் பின் அலைன்மென்ட்.

கூம்பு வடிவ ஏர் ஃபில்டரின் கணக்கு எளிது. வெளிக்காற்று 40 டிகிரி, பானட்டுக்குள் 60 டிகிரி என்று வையுங்கள். அந்தச் சூட்டுக் காற்றின் அடர்த்தி 6 சதவீதம் குறைவு, பவரும் அதற்கேற்பக் குறையும். சத்தம் மட்டும் ஏறும். ஒரிஜினல் பேப்பர் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுவதே போதும். அகலமான சைலென்சர் குழாயில் கீழ் ஆர்பிஎம் இழுவை சோர்ந்துவிடும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டால் செக் இன்ஜின் விளக்கு எரியும், புகைச் சோதனையிலும் சிக்கல்தான்.

ரீமேப், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றுவது? டர்போ இல்லாத இந்த இன்ஜினில் மிஞ்சிப்போனால் ஏழெட்டு பிஎஸ். ஆக்சிலரேட்டர் பெடலில் மாட்டும் பெடல் பாக்ஸ் அதுவும் தராது, பாதி மிதியை முக்கால் மிதியாகக் காட்டும், அவ்வளவே. உண்மையான பலன் டர்போ வண்டிகளுக்குத்தான். அங்கே எல்லை கியர்பாக்ஸும் கிளட்ச்சும். ஃபோக்ஸ்வாகன் வென்டோ 1.2 டிஎஸ்ஐயின் 175 என்எம்மை ஏற்றலாம், ஆனால் அதன் ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் 250 என்எம்முக்குத்தான் வடிவமைக்கப்பட்டது. மேனுவல் வண்டியில் முதலில் கிளட்சைச் சோதியுங்கள்: நான்காம் கியரில் 50 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது ஆர்பிஎம் மட்டும் துள்ளி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது, ரீமேப்பைத் தள்ளிப்போடுங்கள்.

இனி சட்டம்: ஆர்சியில் உள்ள விவரம் மாறும்படி எதையும் மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 182ஏ பிரிவில் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. அலாய் வீல் போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுங்கள். ரீமேப் செய்துகொண்டால் ஒரிஜினல் ஃபைலை அன்றைக்கே பென் டிரைவில் கேட்டு வாங்கிவிடுங்கள், பழைய நிலைக்குத் திரும்ப அதுதான் வேண்டும். சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் ரீமேப் அழிந்துபோகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.