வார்ம் கியர் பாக்ஸுக்கு லூஸ் ஆயில் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

புதுவயல், காரைக்குடி பக்கம் அரிசி மில் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எலிவேட்டர், டிரையர் எதிலாவது வார்ம் கியர் பாக்ஸ் (திருகு மாதிரியான ஸ்டீல் வார்ம், வெண்கலப் பல்சக்கரத்தைச் சுற்றும் பெட்டி) ஓடினால் முழுசாகப் படித்துவிடுங்கள்.

எங்கள் டிரையர் கியர் பாக்ஸின் தகட்டிலேயே 460 கிரேடு காம்பவுண்டட் ஆயில் என்று அடித்திருக்கிறது; 460 என்பது ஆயிலின் கனம், காம்பவுண்டட் என்றால் கொழுப்பு சேர்த்தது. அதைப் போட்டோ எடுத்துக் காட்டித்தான் காரைக்குடியில் ஒரு கடையில் கேட்டேன். வந்தது லேபிள் இல்லாத கேன். "அதே சரக்குதான் முதலாளி, கனத்தைப் பாருங்க" என்று விரலில் தொட்டு இழுத்துக் காட்டினார் கடைக்காரர். பில்லில் வெறும் "கியர் ஆயில்".

கனத்தில் பொய் இல்லை. லாரி டிஃபரன்ஷியலுக்கு ஊற்றும் 140 நம்பர் ஆயிலும் கிட்டத்தட்ட அதே கனம்தான். அதைத்தான் என் தலையில் கட்டியிருக்கிறார். பிறகு கடைக்குப் போய்ப் பேரலைத் திருப்பிப் பார்த்தேன்: இபி 140, ஜிஎல்-5. இபி என்றால் அதிக அழுத்தம் தாங்கச் சேர்மானம் போட்ட ஆயில், ஜிஎல்-5 என்பது டிஃபரன்ஷியல் ஆயிலின் தர வகை.

அதற்குள் வெண்கலச் சக்கரம் போய்விட்டது. பெட்டி இரைய ஆரம்பித்ததும் பட்டறையில் பிரித்தோம். மஞ்சளாக இருக்க வேண்டிய வெண்கலப் பற்கள் கரும்பழுப்பாகி, முனை கத்தி மாதிரி மெலிந்திருந்தன. ஸ்டீல் வார்மில் ஒரு கீறல் இல்லை. வடித்த ஆயிலை வெயிலில் சாய்த்தால் தங்கப்பொடி தூவியதுபோல் மின்னுகிறது. "அண்ணே, இது டிஃபரன்ஷியல் ஆயில் வாடை" என்றார் பட்டறைக்காரர், மூடியைத் திறந்ததுமே.

விஷயம் இதுதான். இபி ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானங்கள் உண்டு. ஸ்டீலும் ஸ்டீலும் அழுந்தி உரசும் இடத்தில் அவை படலம் கட்டிப் பல்லைக் காக்கும். ஆனால் வெண்கலத்தில் பெரும்பங்கு செம்பு. வீரியமான கந்தகம் செம்பை விடாது, அதைக் கறுப்புச் சல்பைடாக்கிவிடும். வார்ம் கியரில் பற்கள் உருளுவதைவிட வழுக்குவதே அதிகம் என்பதால் அந்தச் சல்பைடு படலம் உடனே உரசித் தேய்ந்து போகும். அடியில் தெரியும் புது வெண்கலத்தையும் கந்தகம் பிடிக்கும். சூடு கூடக் கூட இது வேகமெடுக்கும். வார்ம் பெட்டி இயல்பிலேயே சூடாக ஓடுவது, அதிலும் டிரையர் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். காம்பவுண்டட் ஆயிலில் இருப்பது கொஞ்சம் கொழுப்பு. அது உலோகத்தை அரிக்காமல் மேலே ஒட்டிக்கொண்டு வழுக்கவிடும்.

கடைக்காரரின் பதில்? "லோடு அதிகம் போட்டிருப்பீங்க." அதோடு சரி. பில்லில் கிரேடு இல்லாததால் நான் எந்த ஆயிலைக் கேட்டேன் என்பதையும் நிரூபிக்க முடியவில்லை.

எல்லா இபி ஆயிலும் விஷம் என்று சொல்லவில்லை. செம்பை அவ்வளவாகத் தொடாத கந்தகம் போட்டவையும் உண்டு. டேட்டா ஷீட்டில் டி130 என்ற செம்புத் தகடு சோதனையைப் பாருங்கள்: 1ஏ, 1பி என்றால் தகடு லேசாக மங்கியது, 4 என்றால் கறுத்தது. ஆனால் பொதுவாக 100 டிகிரியில் 3 மணி நேரம் வைத்துப் பார்க்கிற சோதனை அது. நம் பெட்டி மாதக்கணக்கில் ஓடுகிறது. அதனால் வெண்கல வார்ம் கியருக்கு ஏற்றது என்று கம்பெனியே எழுத்தில் சொல்லியிருந்தால் மட்டும் வாங்குங்கள், அதுவும் சீல் உடையாத கேனில். பாலிகிளைகால் சிந்தெடிக் போடுவதாக இருந்தால் பழைய மினரல் ஆயிலோடு கலந்துவிடாதீர்கள், அது சேராது.

ஏற்கெனவே லூஸ் ஆயில் ஊற்றியிருந்தால், டிரெயின் பிளக்கைத் திறந்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் பிடித்து வெயிலில் பாருங்கள். மின்னினால் பெட்டியை நிறுத்திவிட்டுப் பல்லைப் பாருங்கள்.