குளிர்சாதன சலூன்: வேலை நேர்த்தி, உரிமை யாருக்கு?

மதுரைப் பேருந்து நிலையம் ஒன்றின் அருகே புதிதாகத் திறந்திருக்கும் இந்தக் குளிர்சாதன சலூனின் வேலைத் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிளேடை நம் கண்ணெதிரே உறை பிரித்து, இரண்டாக ஒடித்துக் கத்தியில் செருகுகிறார்கள். கழுத்தில் காகிதப் பட்டை சுற்றிய பிறகே துணி போர்த்துகிறார்கள். முடிவெட்ட 250 ரூபாய் என்பது சற்று அதிகம்தான்.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறு. கிராமத்தில் வீடு வீடாகச் சென்று, அறுவடைக்குப் பின் நெல்லைக் கூலியாகப் பெற்று, திண்ணைக்குக் கீழேயே நிறுத்தப்பட்டவர்களின் தொழில், கண்ணாடிக் கதவும் ‘ஸ்டைலிஸ்ட்’ என்ற பட்டமும் வந்து சேர்ந்ததும் கௌரவமாகி, அதுவரை இதை இழிவாகப் பார்த்த குடும்பங்களும் துணிந்து முதல் போடும் வணிகமாகிவிட்டது. இங்கும் கல்லாவில் இருப்பவர் முதலாளி. கத்தரி பிடிப்பவர்களோ பரம்பரைத் தொழிலாளர்கள், மாதச் சம்பளத்துக்கு. நாவிதர் குலத்தில் பிறந்த கர்ப்பூரி தாக்கூர் பீகாரில் இருமுறை முதலமைச்சரானார். மறைவுக்குப் பின் 2024-இல் பாரத ரத்னாவும் அறிவிக்கப்பட்டது. ஒரு மாநிலத்தின் தலைமைக்கு எட்டிய கை கடைக் கல்லாவை எட்டுவதுதான் கடினம் போலும்!

தாடி திருத்த மட்டும் செல்பவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து, அங்குள்ள மூத்த கைகாரரைக் கேட்டு அமர்வது நல்லது.